மே மாத லீவும் பழவேற்காட்டுத் தண்ணீரும்

மே மாத லீவில் முதல்முறையாகக் கடலில் தூண்டில் போடப் போன கணக்கை முதலில் சொல்லிவிடுகிறேன். புது ராடும் ரீலும் 7,400 ரூபாய். லைன், லூர் (செயற்கை இரை), ஈயக்குண்டு, தூண்டில் முள் என்று சில்லறைச் சாமான்கள் 2,100. படகுக்குக் கொடுத்த அட்வான்ஸ் 4,000. பெட்ரோல், சாப்பாடு, ஊசி, மாத்திரை, கடைசியில் ரீல் சர்வீஸ் எல்லாம் சேர்த்து 2,300. ஆக மொத்தம் 15,800. இதற்கு வீடு வந்து சேர்ந்தது இரண்டு கைப்பிடி கிழங்கான் மீன். "இதைக் காசிமேட்டுல கூறு போட்டு வெச்சிருப்பாங்களே, இருநூறு ரூபாய்க்கு வாங்கியாந்திருக்கலாமே" என்று என் மனைவி கேட்டாள். பதில் சொல்லவில்லை. கை விரல் அப்போது கத்தரிக்காய் மாதிரி வீங்கியிருந்தது.

நான் வியாசர்பாடி. கடல் பக்கத்தில் இருந்தும் தூண்டில் போட்டதெல்லாம் ஏரியில்தான். செங்கல்பட்டுப் பக்கத்து ஏரிகளில் விரால், ஜிலேபி, கெண்டை என்று பல வருடப் பழக்கம். ஏரியில் ஒரு வசதி, காலையில் முழங்கால் ஆழம் இருந்த இடம் சாயங்காலமும் முழங்கால் ஆழம்தான். கடலில் ஒருமுறை போட்டுப் பார்க்க வேண்டும் என்ற ஆசையில், பிள்ளைகள் ஊருக்குப் போயிருக்கும் மே மாதத்தைப் பார்த்து லீவு எழுதிக் கொடுத்தேன். எல்லோரும் அப்படித்தான் தேதி குறிக்கிறோம். லீவு எப்போது என்று பார்க்கிறோம், பௌர்ணமி எப்போது என்றுகூடப் பார்ப்பதில்லை. ராடு விற்ற கடையிலும் சரி, நான் பார்த்துத் தள்ளிய வீடியோக்களிலும் சரி, எந்த லூருக்கு எந்த மீன் என்று மணிக்கணக்கில் பேசினார்கள். நமக்கு லீவு கிடைக்கிற மாதம் கடலுக்குத் தோதான மாதமா என்று யாரும் பேசவில்லை.

கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். 61 நாள். முன்பு 45 நாளாக இருந்தது, 2017இல் இருந்து இப்படி. வட சென்னையில் இருப்பவர்களுக்கு இது தெரியாமல் இருக்காது, மீன் விலை ஏறுவதை வைத்தே தெரிந்துவிடும். எனக்கும் தெரியும். ஆனால் தடை என்பது விசைப்படகுகளுக்கு மட்டும்தான், ஃபைபர் படகும் கட்டுமரமும் போகலாம் என்பதும் உண்மை. எனக்குப் படகு பேசிக் கொடுத்த ஆள் இந்த உண்மையைத்தான் போனில் எடுத்துவிட்டார். "தடை எல்லாம் பெரிய போட்டுக்குத்தான்ணா, நம்ம ஃபைபருக்குக் கிடையாது. எண்ணூர்ல காலைல நாலு மணிக்கு வந்துடுங்க." பாதிப் பணம் முன்கூட்டியே வேண்டும் என்றார். ஜீபேயில் 4,000 அனுப்பினேன். கூட வருவதாக இருந்த நண்பன் முதல் நாள் ராத்திரி கழன்றுகொண்டான், வீட்டில் விசேஷமாம். சரி, தனியாகவே போவோம் என்று மூன்று மணிக்கு வண்டியை எடுத்தேன்.

எண்ணூரில் குப்பத்து ஓரம் போய் நின்றால் போன் சுவிட்ச் ஆஃப். நாலரை, ஐந்து, ஐந்தரை. என்னைக் கடந்து ஃபைபர் படகுகள் ஒவ்வொன்றாக இறங்கிப் போய்க்கொண்டிருந்தன. ஒருவரும் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. கையில் பளபளவென்று புது ராடு, முதுகில் பை, அந்த நேரத்தில் எனக்கு வந்த கூச்சத்தைச் சொல்ல முடியாது. கடைசியில் கரையில் வலை பிரித்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவரிடம் போய் விஷயத்தைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை, அதுவே பெரிய உபகாரம். "தம்பி, இந்த ரெண்டு மாசம்தான் எங்களுக்குக் காசு. பெரிய போட்டு இல்லாங்காட்டி வஞ்சிரம் இன்னா வெலைக்குப் போவுது தெரியுமா? உன்ன ஏத்திக்கினு போயி எவன் ஒரு நாள் பொழப்பக் கெடுத்துக்குவான்?" என்றார். எனக்கு அப்போதுதான் உறைத்தது. தடைக்காலத்தில் ஃபைபர் படகு போகலாம் என்பதாலேயே அது நமக்குக் கிடைக்காது. இந்த ஒரு விஷயம் தெரிந்திருந்தால் தேதியையே மாற்றியிருப்பேன்.

இன்னொன்றும் சொன்னார். மீனவர் அடையாள அட்டை இல்லாத வெளி ஆளைப் படகில் ஏற்றினால் மரைன் போலீஸ் கேள்வி கேட்கும். 2008 மும்பைத் தாக்குதலுக்குப் பிறகு கடலோரம் முழுக்கக் கெடுபிடி அதிகம். அதிலும் இந்தப் பக்கம் காமராஜர் துறைமுகம், காட்டுப்பள்ளித் துறைமுகம், அனல் மின் நிலையங்கள் என்று வரிசையாக இருக்கின்றன. படகு பேசித் தருகிறேன் என்று யாராவது சொன்னால், படகின் பதிவு எண் என்ன, எந்தக் குப்பத்துப் படகு, ஓட்டுகிறவர் யார், லைஃப் ஜாக்கெட் உண்டா என்று கேளுங்கள். கேட்டவுடன் குரல் மாறினால் விட்டுவிடுங்கள். முடிந்தால் முதல் நாளே நேரில் போய்ப் படகைப் பார்த்துவிட்டு, ஏறும்போது பணம் கொடுங்கள். நடுவில் இருக்கும் ஆளுக்கு ஆயிரத்துக்கு மேல் அட்வான்ஸ் கொடுக்க எந்த நியாயமும் இல்லை. என் 4,000 இன்றுவரை வரவில்லை. அந்த எண்ணில் இப்போது ரிங் போகிறது, எடுப்பதில்லை.

அதோடு வீட்டுக்குத் திரும்பியிருக்கலாம். எண்ணூர் முகத்துவாரத்திலேயே கரையில் நின்று போடலாமா என்றும் பார்த்தேன். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து பரவியது இங்கேதான். அனல் மின் நிலையச் சாம்பல் தண்ணீர் வேறு. பிடிப்பதைச் சாப்பிட வேண்டும் என்று நினைப்பவன் நான், அதனால் மனம் வரவில்லை. கொண்டு வந்த சாமான் வீணாகக் கூடாது என்ற வீம்பில் மீஞ்சூர், பொன்னேரி வழியாகப் பழவேற்காட்டுக்கு வண்டியை விட்டேன்.

பழவேற்காட்டில் படகு கேட்கவே வேண்டாம் என்று முன்பே தெரியும். 2011 கிறிஸ்துமஸ் அன்று சுற்றுலா வந்தவர்கள் சென்ற படகு கவிழ்ந்து 22 பேர் இறந்த இடம் அது. அதன் பிறகு சுற்றுலாப் படகுச் சவாரிக்குத் தடை போட்டார்கள். யாராவது ரகசியமாக ஏற்றிக்கொள்கிறேன் என்றால்கூட ஏறாதீர்கள். பாலம் தாண்டி லைட்ஹவுஸ் குப்பம் பக்கம் போய், அங்கிருந்து முகத்துவாரம் நோக்கி மணலில் நடந்தேன். ஏழரை மணி இருக்கும். ஏரித் தண்ணீர் கடலுக்கு வடிந்துகொண்டிருந்தது, ஓரத்தில் மடவை துள்ளியது. விடிகாலையில் பட்ட அவமானமெல்லாம் மறந்துபோனது.

முதல் இடத்தில் இரண்டு தடவைதான் வீசியிருப்பேன். வலையோடு வந்த நான்கைந்து பேர் நின்று பார்த்தார்கள். அதில் ஒருவர், "அண்ணா, இன்னிக்கு இது எங்க பாடு, கொஞ்சம் தள்ளிப் போங்க" என்றார். அதட்டவில்லை, ஆனால் பேச்சுக்கு இடமும் இல்லை. இந்த ஏரியில் எந்த ஊர், எந்த நாள், எந்த இடத்தில் வலை போடும் என்பதைத் தலைமுறை தலைமுறையாக முறைவைத்துப் பிரித்து வைத்திருக்கிறார்கள், அதைத்தான் பாடு என்கிறார்கள். வெளியில் இருந்து பார்த்தால் வெறும் தண்ணீர். அவர்களுக்கு அது அளந்து போட்ட நிலம். நம் தூண்டில் அவர்கள் வலையில் மாட்டினால் கிழிவது ஒரு வாரச் சம்பாத்தியம். கரைக்குப் போனதும் முதலில் வலைக்காரர்களிடம் "எங்கே நின்றால் உங்களுக்கு இடைஞ்சல் இல்லை" என்று கேட்டுவிடுவது உத்தமம். கேட்டால் இடத்தோடு சேர்த்து, அங்கே என்ன மீன் படும் என்பதையும் சொல்லிவிடுகிறார்கள், இதை நான் பிறகுதான் கண்டுகொண்டேன்.

அன்றைக்குக் கேட்கவில்லை, சும்மா தள்ளிப் போனேன். கொஞ்ச தூரத்தில் ஒரு மணல்திட்டு. நடுவில் ஓடிய வாய்க்கால் முழங்காலுக்கும் கீழேதான். பையைத் தூக்கிக்கொண்டு இறங்கி நடந்து போய்விட்டேன். திட்டில் நின்று இறால் கோத்துப் போட்டால் கிழங்கான் ஒவ்வொன்றாகப் பட்டது. விரல் நீளம்தான், ஆனாலும் கடல் மீன். நடுவில் ஒரு பேத்தை வந்து பந்துபோல ஊதியது, முள்ளை அறுத்துவிட்டு எறிந்தேன். பேத்தையைத் தெரியாதவர்கள் தெரிந்துகொள்ளுங்கள், அதன் விஷம் எவ்வளவு வேக வைத்தாலும் போகாது. சாப்பிடவும் கூடாது, பூனைக்குப் போடவும் கூடாது.

அடுத்து இழுத்தது கனமாக இருந்தது. மேலே வந்தால் கெளுத்தி. ஏரிக் கெளுத்தியைப் பிடித்த பழக்கத்தில் கையால் அமுக்கித் தூண்டில் முள்ளைக் கழற்றப் போனேன். அது உடம்பை ஒரு திருகு திருகியது. பக்கத்துத் துடுப்பு முள் வலது கை நடுவிரலில் இறங்கிவிட்டது. கடல் கெளுத்திக்கு முதுகில் ஒன்று, பக்கத்துக்கு ஒன்று என்று மூன்று முட்கள், அவற்றின் மேல்தோலில் விஷம் உண்டு, விறைத்துக்கொண்டால் மடங்காது. அந்த வலி முதல் ஐந்து நிமிடத்தில் விரலில் இருந்தது. பத்து நிமிடத்தில் முழங்கை வரை ஏறியது. எனக்கு வாய்விட்டு அழுகை வந்தது. சுற்றுமுற்றும் ஆள் இல்லை என்பதால் அழுதேன்.

போதும், கிளம்பலாம் என்று பையைக் கட்டித் திரும்பினால், நான் வந்த வாய்க்காலைக் காணோம். அகலமாகத் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது, அதுவும் இப்போது எதிர்ப்பக்கமாக, கடலில் இருந்து ஏரிக்குள். வற்றம் முடிந்து ஏற்றம் தொடங்கி நெடுநேரம் ஆகியிருக்கிறது. மீன் கடித்துக்கொண்டிருந்ததில் கவனிக்கவே இல்லை. இறங்கிப் பார்த்தேன், இடுப்புக்கு வந்தது, இன்னும் இரண்டடி வைத்ததும் நெஞ்சு. கால் மணலில் நிற்கவில்லை, இழுக்கிறது. திரும்பித் திட்டிலேயே ஏறிவிட்டேன். நீச்சல் தெரியும், ஆனால் ஒரு கை வேலை செய்யாதபோது ஓடுகிற தண்ணீரில் நீந்த எனக்குத் தைரியம் வரவில்லை. அந்த முடிவு மட்டும் சரி என்று இப்போதும் நினைக்கிறேன்.

நம் கரையில் கடல் ஏறி இறங்க ஏறக்குறைய ஆறு ஆறு மணி நேரம். ஒரு நாளைக்கு இரண்டு ஏற்றம், இரண்டு வற்றம், மறுநாள் அது முக்கால் மணி நேரத்துக்கு மேல் தள்ளிப் போகும். சென்னைப் பக்கம் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில்கூட ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் ஒரு மீட்டர் அளவுதான் வித்தியாசம். குஜராத் பக்கத்தோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை. அதனால்தான் யாரும் இதைப் பெரிதாகச் சொல்வதில்லை. ஆனால் முழங்காலை இடுப்பாக்க அரை மீட்டர் போதும். அதோடு ஏரி முகத்துவாரத்தில் கடலின் நேரம் அப்படியே பொருந்தாது, உள்ளே போகப் போகத் தாமதமாகும். போனில் காட்டும் நேரம் துறைமுகத்துக்கானது. ஆகையால் போனதும் கரை ஓரத்தில் ஒரு குச்சியை நட்டுத் தண்ணீர் எங்கே நிற்கிறது என்று கால் மணிக்கு ஒருமுறை பாருங்கள். வடிகிற தண்ணீரில் திட்டுக்குப் போனால், ஓட்டம் நின்றவுடன் திரும்பிவிட வேண்டும். மீன் அப்போதுதான் நன்றாகக் கடிக்கும், அதுதான் சிக்கல்.

அக்னி நட்சத்திரம் நடந்துகொண்டிருந்தது. ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் பத்து மணிக்கே காலி. மேற்கில் இருந்து வரும் மேல்காற்று அனலாக அடித்தது. மத்தியானம் கடல்காற்று வந்தால் கொஞ்சம் ஆறும் என்று எல்லோருக்கும் தெரியும், ஆனால் மேல்காற்று பலமாக இருக்கும் நாளில் அது இறங்க நேரமாகும், அன்று வரவே இல்லை. நிழல் என்று ஒரு செடிகூட இல்லை. தலை சுற்றியது. போனில் சார்ஜ் கொஞ்சம் இருந்தது, யாரைக் கூப்பிடுவது என்று தெரியவில்லை. மனைவியைக் கூப்பிட்டுப் பயமுறுத்த வேண்டாம் என்று விட்டுவிட்டேன். அப்போது என் போனில் இல்லாத இரண்டு எண்கள் இப்போது இருக்கின்றன. கடலில் ஆபத்து என்றால் இந்தியக் கடலோரக் காவல்படைக்கு 1554, தமிழ்நாடு கடலோரப் பாதுகாப்புக் குழுமத்துக்கு 1093. இரண்டும் இலவசம்.

கடைசியில் நண்டு வலை எடுத்துக்கொண்டு வந்த ஒரு பையன் என்னைப் பார்த்துப் படகைத் திருப்பினான். இருபது வயதுகூட இருக்காது. கையைப் பார்த்தவுடன், "கெளுத்தியாண்ணா?" என்றான். அக்கரையில் இறக்கிவிட்டுவிட்டு, நான் நீட்டிய பணத்தை வாங்கவில்லை. "காசெல்லாம் வேணாம்ணா, அடுத்த தபா யார்கிட்டனா சொல்லிட்டு எறங்கு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

அவன்தான் டீக்கடைக்குப் போய்க் கையை வெந்நீரில் வைக்கச் சொன்னான். கடைக்கார அம்மா ஒரு குண்டானில் ஊற்றிக் கொடுத்தார். இருபது நிமிடத்தில் வலி பாதியாகிவிட்டது, நம்பவே முடியவில்லை. பொன்னேரியில் ஊசி போட்ட டாக்டரும் அதையே சொன்னார். கெளுத்தி, திருக்கை இரண்டின் விஷமும் சூட்டில் பலமிழக்கும். தாங்கக்கூடிய சூடு, 45 டிகிரிக்கு மேல் போகாமல், அரை மணியில் இருந்து ஒன்றரை மணி நேரம் வரை. சூட்டை அடிபடாத கையால் தொட்டுப் பார்க்க வேண்டும், ஏனென்றால் குத்துப்பட்ட கைக்கு வெந்துபோனாலும் தெரியாது. ஐஸ் வைக்கக் கூடாது. முள் துண்டு உள்ளே இருந்தால் நாமே தோண்டாமல் டாக்டரிடம் போக வேண்டும், டிடி ஊசியும் அவசியம். நெஞ்சிலோ வயிற்றிலோ குத்தினால் வெந்நீரைத் தேடிக்கொண்டிருக்காமல் நேரே ஆஸ்பத்திரி. இப்போது பையில் ஒரு ஃபிளாஸ்க் வெந்நீர், நீண்ட மூக்குக் குறடு, தடித்த கையுறை இல்லாமல் போவதில்லை. கலங்கல் தண்ணீரில் நடக்கும்போது காலைத் தூக்கித் தூக்கி வைக்காமல் மணலைத் தேய்த்துக்கொண்டே நடந்தால் படுத்திருக்கும் திருக்கை விலகிப் போய்விடும் என்பதும் அந்தக் கடையில் கேட்டதுதான்.

விரல் மடங்கப் பத்து நாளுக்கு மேல் ஆனது. ரீல் அதற்குள் உப்பேறி இறுகிவிட்டது. ஏரியில் இருந்து வந்தால் ரீலை ஒரு மூலையில் போட்டுவிடுவேன், கடலுக்குப் போய் வந்தால் அன்று இரவே நல்ல தண்ணீரில் மெதுவாகக் கழுவித் துடைத்து, லைனையும் நனைத்து உலர்த்த வேண்டும். குழாயை வேகமாகத் திறந்துவிட்டால் உப்பு உள்ளே போய்விடும். கை வலியில் யார் ரீலைக் கழுவினார்கள், பேரிங் மாற்ற 650 ரூபாய்.

தடைக்காலம் முடிந்த பிறகு, ஜூன் கடைசியில் ஒரு நாள் ராடு இல்லாமல் பழவேற்காட்டுக்குப் போனேன். காலையில் இருந்து மத்தியானம் வரை வலைக்காரர்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். கச்சான் காற்று எப்போது விடும், தெண்டி என்ற நீரோட்டம் ஓடினால் எந்தப் பக்கம் நிற்பது, வண்ணி என்ற நீரோட்டம் ஓடினால் எந்தப் பக்கம், திட்டு இந்த வருடம் எங்கே நகர்ந்திருக்கிறது என்று அவர்கள் பேசுவதில் பாதிதான் புரிந்தது, அந்தப் பாதியே வீடியோக்களில் இல்லாதது. முகத்துவாரத்து மணல் வருடா வருடம் இடம் மாறும், அதனால் போன வருடம் போய்வந்தவர் சொல்லும் இடத்தை நம்பி இறங்குவதில் அர்த்தமில்லை. போவதற்கு முதல் நாள் ஹைதராபாத் இன்காய்ஸ் நிறுவனம் வெளியிடும் அலை முன்னறிவிப்பையும் பார்த்துவிடுகிறேன். கோடையில் காற்றே இல்லாத நாளிலும் கள்ளக்கடல் வரும், தெற்கே பல ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி அடித்த புயலின் அலை இங்கே வந்து கரையேறும். 2024 மே 6ஆம் தேதி கன்னியாகுமரி மாவட்டம் லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்கள் அலையில் சிக்கி இறந்துபோனது அப்படிப்பட்ட ஒரு எச்சரிக்கை இருந்த நாளில்தான்.

அதன் பிறகு தூண்டிலோடு போனபோது அவர்கள் காட்டிய இடத்தில், கரையிலேயே நின்று, ஒரு கொடுவாக் குட்டியும் கொஞ்சம் கிழங்கானும் கிடைத்தன. குட்டியைத் திரும்ப விட்டுவிட்டேன். இரைக்கு மே மாதம் நான் காசிமேட்டில் வாங்கிய ஐஸ் இறால் யானை விலை, முள்ளில் நிற்கவும் இல்லை, இரண்டு வீச்சில் உதிர்ந்துவிடும். பழவேற்காட்டில் காலையில் கூடை இறக்கும் அம்மாக்களிடம் ஐம்பது ரூபாய்க்குப் பொடி இறால் கேட்டால் பொறுக்கித் தருவார்கள். உடனே போடப் போவதில்லை என்றால் கல்லுப்பு தூவி டப்பாவில் அடைத்து வைத்துக்கொள்ளுங்கள், சதை இறுகி, எவ்வளவு தூரம் வீசினாலும் முள்ளில் நிற்கும்.